இரண்டு வினாடி ஓடி நின்ற கார்

கார் சாவியின் பிளாஸ்டிக் தலை விரிசல் விட்டு, பொத்தான்கள் உள்ளே அமுங்கிப் போயிருந்ததால், புதிய கூடு ஒன்றை வாங்கி, பழையதிலிருந்த ரிமோட் பலகையையும் சாவியின் இரும்புத் தகட்டையும் அதில் மாற்றிப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தியதும் கதவுகள் திறந்தன. மறுபடி அழுத்தியதும் பூட்டிக்கொண்டன. வேலை சரியாக முடிந்துவிட்டது என்ற நிறைவோடு படுக்கச் சென்றேன். மறுநாள் காலையில் சாவியைத் திருகியபோது இன்ஜின் உடனே பிடித்தது. ஆனால் இரண்டு வினாடிக்குள் அடங்கிவிட்டது. மீண்டும் மீண்டும் திருகியும் அதேபோல் பிடித்து அதேபோல் நின்றது. நான்கைந்து முறைக்குப் பிறகு ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியதே தவிர, இன்ஜின் பிடிக்கவே இல்லை.

முந்தைய நாள்தான் பெட்ரோல் நிரப்பியிருந்தேன் என்பதால், என் சந்தேகம் முழுவதும் பெட்ரோல் மீதே இருந்தது. வந்து பார்த்த மெக்கானிக் பேட்டரியைச் சோதித்தார், 12.6 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை. அப்படியானால் பெட்ரோல் பம்பாகத்தான் இருக்கும், பின்னிருக்கையைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கருவிகளை எடுத்துவரப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் ஓட்டுநர் இருக்கையிலேயே, இக்னிஷனை ஆன் செய்தபடி அமர்ந்திருந்தேன். அப்போதுதான் டேஷ்போர்டின் இடது ஓரத்தில், காரின் உருவத்துக்குள் ஒரு சாவி வரையப்பட்ட சிறிய மஞ்சள் விளக்கு, படபடவென்று மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். காலை முதல் அது மின்னிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அந்த விளக்கு இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்புக்கு உரியது. சாவியின் தலைக்குள் பேட்டரியே தேவைப்படாத சிறிய சிப் ஒன்று இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றி வளையமாக ஒரு ஆன்டெனா சுருள் பொருத்தப்பட்டிருக்கும். சாவியைத் திருகியதும் அந்தச் சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, அதிலிருந்தே மின்சாரத்தைப் பெற்று சிப் தன் அடையாளத்தைத் தெரிவிக்கும். அந்த அடையாளம் வண்டியின் நினைவில் இருப்பதோடு பொருந்தினால் மட்டுமே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி பெட்ரோலையும் தீப்பொறியையும் தொடர்ந்து அனுமதிக்கும். பொருந்தாவிட்டால் சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது. சிலவற்றில் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. வேறு சிலவற்றில் என் வண்டியைப் போலப் பிடித்து ஓரிரு வினாடியில் அணைந்துவிடும். பெட்ரோல் வராத வண்டி நிற்பதும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால், பம்ப் மீது பழி விழுவது மிக எளிது.

என்னைத் தவறான வழியில் கொண்டுபோனது ரிமோட். கதவு திறக்கிறது என்றால் சாவி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஆனால் கதவைத் திறக்கும் ரிமோட்டும் இன்ஜினை அனுமதிக்கும் சிப்பும் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கும் இரண்டு தனித்தனிப் பொருள்கள். ரிமோட் தன் சிறு பேட்டரியைக் கொண்டு 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொலைவிலிருந்து பேசும். சிப் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் மட்டுமே பேசும். ஒன்று வேலை செய்வது மற்றொன்றுக்குச் சான்றாகாது.

வீட்டுக்குள் போய் டூப்ளிகேட் சாவியை எடுத்துவந்து திருகினேன். விளக்கு இரண்டு வினாடி எரிந்து அணைந்தது. இன்ஜின் பிடித்து, நிற்காமல் ஓடியது. குப்பைக் கூடையிலிருந்து பழைய கூட்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் உட்சுவரில், அச்சில் வார்த்த பகுதி போலவே ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு கருப்புச் சில்லு இருந்தது. கம்பியோ எழுத்தோ எதுவும் அதில் இல்லை. கத்தி முனையால் மெதுவாகப் பெயர்த்து, புதிய கூட்டில் அதற்கென்றே விடப்பட்டிருந்த பள்ளத்தில் பசை வைத்துப் பதித்தேன். கருவிகளோடு திரும்பிய மெக்கானிக்கிடம் அந்தச் சாவியைக் கொடுத்தேன்; அவர் திருகியபோதும் வண்டி ஓடியது.

இந்த ஏற்பாட்டின் முன்னோடி 1986ஆம் ஆண்டின் செவ்ரோலே கார்வெட் கார். அதில் சிப் கிடையாது, சாவித் தகட்டில் பதித்த ஒரு மின்தடையின் அளவை வண்டி சரிபார்க்கும், அந்த அளவுகள் மொத்தம் 15 மட்டுமே. ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் 1998இலும், கனடாவில் 2007இலும் கட்டாயமானது. எனவே இன்று பழுது பார்க்க வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் இது இருக்கும். இருந்தும் பலர் இதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பூட்டி நிறுத்திய வண்டியில் அந்த விளக்கு நிதானமாக மின்னுவது இயல்பானது. இக்னிஷனை ஆன் செய்த பிறகும் அணையாமல் எரிந்தாலோ வேகமாக மின்னினாலோ, எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அதே சாவிக்கொத்தில் வேறொரு வண்டியின் சிப் சாவி தொங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசிச் சுருளைக் குழப்பக்கூடும். அதைத் தனியே பிரித்துவிட்டுத் திருகுங்கள். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தால், ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினாலே பல வண்டிகள் ஏற்றுக்கொள்ளும். அதற்குரிய இடம் சிலவற்றில் கப் வைக்கும் குழியிலோ கன்சோலிலோ இருக்கும், கையேட்டில் குறித்திருப்பார்கள். காரின் பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட் வெகுவாகச் சரிந்தாலும் சாவியைச் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். மாற்றுச் சாவியையும் வண்டி ஏற்காவிட்டால், சுருளையும் அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும். அப்போது வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் பி0513 (P0513) என்ற குறியீடு தென்பட்டால், வண்டி சாவியைத்தான் மறுக்கிறது என்று பொருள். இம்மொபிலைசரை ஒரேயடியாக நீக்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியை ஒப்படைக்காதீர்கள். பூட்டு பழுதானதற்காகக் கதவையே பெயர்த்தெறிவது போன்ற வேலை அது.

இரண்டு சாவிகளும் தொலைந்தால், உரிமைச் சான்றுகளைக் காட்டி, வண்டியின் கணினியிலேயே புதிய சாவியைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அன்று முதல் என் இரண்டு சாவிகளையும் மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு முறையும், அந்த மஞ்சள் விளக்கு அணைவதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் திருகுகிறேன்.