இணை ஆசிரியர் என்று போட வைப்பதற்குள்

பதிப்பகத்திலிருந்து வந்த முதல் ஒப்பந்த வரைவில் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கதைக்குச் சொந்தக்காரரின் பெயர் கடைசிப் பக்கத்தில், ‘தகவல் உதவி’ என்று. 2004 சுனாமியில் அப்பாவைப் பறிகொடுத்து, சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலிருந்து செம்மஞ்சேரிக்குப் போன குடும்பத்துப் பெண் அவர். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. தன் வாழ்க்கைக்கே அவர் தகவல் உதவியாம்!

பிழைத்து வந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லச் சிறுவர்கள் படிக்கிற மாதிரி எழுதுவது என் வேலை. இந்த வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதைப் பகிர்கிறேன். எழுதியது, திருத்தியது எல்லாம் நன்றாகவே போனது. காகிதம்தான் உயிரை வாங்கியது.

“அவங்க பேசினாங்க, எழுதினது நீங்கதானே மேடம்?” என்றார் பதிப்பகத்துக்காரர். பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்த வழக்கறிஞரிடம் புலம்பப் போனால், சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கும் என்றார். 1930களில் இங்கிலாந்தில் ஸ்டீவ் டோனகு என்ற குதிரைப் பந்தய ஜாக்கி தன் அனுபவங்களை ஒரு பத்திரிகையாளரிடம் சொல்ல, அது தொடராக வந்தது. அதையே சுருக்கி வேறு பத்திரிகையில் போடப் போனபோது டோனகு வழக்குப் போட்டார், தோற்றார். சொன்னவருக்கு இல்லை, வாக்கியமாக்கியவருக்கே ஆசிரியர் உரிமை என்பது தீர்ப்பு. ஆகவே நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பேசும்போதே இரண்டு பேரும் சேர்ந்து எழுதுகிறோம், வரைவை இருவரும் திருத்துகிறோம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேனாவால் அடித்துத் திருத்திய பக்கங்களை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதைக் காட்டிய பிறகுதான் பதிப்பகம் இறங்கி வந்தது.

இணை ஆசிரியர் என்பது வெறும் மரியாதைக்கு இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் செய்தால் எதிர்க்கும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. எங்களுக்கு அது தேவைப்பட்டது. அப்பாவின் உடலை அடையாளம் காட்டிய இடத்தை எடுத்துவிடச் சொன்னார் அவர். “எம் புள்ள படிக்கிற புக்கு அக்கா, அது வேணாம்.” எடிட்டரோ அதுதான் கதையின் உச்சம் என்று பிடித்த பிடியில் நின்றார். கதைக்குச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் எந்த அத்தியாயமும் அச்சுக்குப் போகாது என்று தனியாக ஒரு வரி சேர்க்க வைத்தோம். மொத்த ஒப்பந்தத்திலும் அதிக நேரம் தின்றது அந்த ஒரு வரிதான்.

இன்னொன்று: உரிமையை எழுதிக் கொடுப்பது எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிப்பகங்கள் ‘உலகெங்கும், உரிமைக்காலம் முழுவதும்’ என்று போட்டு வைப்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் பேசிக் குறைக்கலாம்.

சரி, கையெழுத்துப் போடலாம் என்று பார்த்தால் இனிஷியல் வந்து நின்றது. அவருடைய ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து. வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து. பான் கார்டில் இனிஷியல் மட்டும் போட முடியாது என்பதால் பிரவுசிங் சென்டர்காரர் அப்பா பெயரையே குடும்பப் பெயராக நீட்டி வைத்திருந்தார். மூன்றும் ஒத்துப்போகாமல் பணம் போடமாட்டோம் என்றது பதிப்பகத்தின் கணக்குப் பிரிவு. வங்கியில் கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்க” என்றார். அது அலையோடு போய்விட்டது என்று சொன்னோம். “அப்ப கெஜட்டுல போட்டுட்டு வாங்க.” அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டுமாம்.

எந்த விதிப்படி என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். உடனே மேனேஜர் அறைக்கு வழி திறந்தது. அவர் ஆதாரையும் பாஸ்புக்கையும் பார்த்துவிட்டு, இனிஷியல் மாற்றம்தானே, இருவரும் ஒருவரே என்று நோட்டரி போட்ட அபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், போதும் என்றார். இப்படிக் கேட்பதற்கு ஒரு தயக்கம் வரும். கேளுங்கள்.

பாரிமுனை தம்பு செட்டி தெருவில் டைப் அடித்து, முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தும் வாங்கினோம். அதுவும் திரும்பி வந்தது. சீல் இருக்கிறது, நோட்டரியின் பதிவேட்டு எண் இல்லை! அவசரத்தில் அவர் பதிவேட்டை எடுக்கவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டால், “யார்ம்மா இதெல்லாம் பாக்குறா?” என்றார். பார்த்திருக்கிறார்களே. செம்மஞ்சேரியிலிருந்து பாரிமுனைக்கு வந்துபோவது என்றால் என்னுடன் வந்தவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. நோட்டரி மேஜையை விட்டு எழுந்திருக்கும் முன் சீல், தேதி, பதிவேட்டு எண் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

நடுவில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. சுனாமி அன்று காலையில் பாத்திரங்கள் குலுங்கியதாகவும், கடல் வந்தது அதற்கு நெடுநேரம் கழித்து என்றும் அவர் சொல்லியிருந்தார். சிறு வயது நினைவு, குழம்பியிருக்கும் என்று எடிட்டர் அதை வெட்டப் பார்த்தார். சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. சென்னையிலும் அதிர்வு தெரிந்தது. அலை இங்கே வரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. நூலகத்தில் சுனாமிக்கு மறுநாள் வந்த நாளிதழ்களைப் பிரதி எடுத்துப் போய் எடிட்டர் மேஜையில் வைத்தேன். அந்தப் பத்தி அப்படியே நிற்கிறது.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், வந்துவிட்டது.

முன்பணமும் வந்தது, பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு. பான் இல்லாவிட்டால் இருபது போயிருக்கும். அவர் போன் செய்து, எதுக்கு அக்கா கம்மியா வந்திருக்கு என்று கேட்டார். ஜூலை 31க்குள் வருமான வரி ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் திரும்பி வரும் என்றேன்.

“அதுக்கும் அந்த நோட்டரிகிட்ட போகணுமா?”

வேண்டாம்மா, பான் போதும் என்றேன்.