ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு: வாங்கும் முன் மல்ட்டிமீட்டரை எடுங்கள்

ராத்திரி எதிரே வரும் பழைய கார் ஒன்றின் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது. அதே காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால், பம்பருக்கு முன்னால் பத்தடி பளபளவென்று இருக்கும். தூரத்தில் ரோட்டோரம் நிற்கும் மாடு தெரியாது. ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகிய பல வண்டிகளின் நிலை இதுதான். எல்.இ.டி.யே மோசம் என்பதல்ல. வேறொரு பல்புக்காக வடித்த ரிஃப்ளெக்டருக்குள் (வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பும் கிண்ணம்) அதை வைத்ததுதான் கோளாறு.

லோ பீம், ஹை பீம் இரண்டையும் ஒன்றே தரும் ஹெச்4 வகை ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். முன்னால் உள்ள லோ பீம் இழைக்கு அடியில், சின்ன தொட்டில் மாதிரி ஒரு தகடு. அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் தடுப்பதுதான் அதன் வேலை. மேல்பாதியில் பட்ட வெளிச்சம் கீழே ரோட்டுக்குப் போகும். கீழ்ப்பாதியில் பட்டால் மேலே கிளம்பி எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். தகட்டின் ஒரு ஓரம் மட்டும் 15 டிகிரி இறங்கியிருக்கும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், ரோட்டின் இடது ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூரம் காட்டுவதற்காக அது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த ஹெட்லைட்டை இங்கே மாட்டினால் அந்த ஏற்றம் நேராக எதிர் வண்டியின் மேல் விழும். மலிவாகக் கிடைக்கும் புரொஜெக்டர்களில் (லென்ஸ் வைத்த ஹெட்லைட்) இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இழை இருந்த அதே புள்ளியில், அதே அளவில் எல்.இ.டி. சிப் உட்கார்ந்தால் பீம் கெடாது. மலிவான பல்புகளில் இரு பக்கச் சிப்புகளுக்கும் நடுவே போர்டு தடிமனாக இருக்கிறது. அதனால் வெளிச்சம் ஒரு கோட்டிலிருந்து புறப்படாமல் தள்ளித் தள்ளி இரண்டு இடத்திலிருந்து புறப்படுகிறது. ஹை பீமில் அடி இன்னும் பலம்: நடுவில் குவிந்து தூரம் போக வேண்டியது, மரக்கிளையெல்லாம் காட்டும் வெள்ளைப் புகையாகிவிடும்.

அட்டையில் போட்டிருக்கும் ‘20,000 லூமென்’ (வெளிச்சத்தின் அளவு) கணக்கை நம்பவே வேண்டாம். ஹெச்4 ஹாலஜன் 13.2 வோல்ட்டில் லோ பீமுக்குச் சுமார் 1,000 லூமென், ஹை பீமுக்கு 1,650 லூமென் தரும். எல்.இ.டி.யில் வாட்டுக்கு நூறு, நூற்றிச்சொச்சம் லூமென் என்று வைத்தால், 25 வாட் பல்பு 3,000-ஐத் தாண்டுவதே கஷ்டம். அதுவும் சூடேறும் வரைதான். எல்.இ.டி.யின் சூடு பின்பக்கம் இறங்குகிறது. அங்கே ரப்பர் மூடியை இறுக்கி மாட்டினால் காற்றுக்கு வழியில்லை. சில நிமிடத்தில், பல்பின் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மூடியில் ஓட்டை போட்டாலோ தூசியும் மழைத்தண்ணியும் உள்ளே போய் ரிஃப்ளெக்டரின் பூச்சே மங்கிவிடும். கடையில் மூடியை வெட்டித்தான் மாட்ட வேண்டும் என்றால் அந்தப் பல்பு அந்த வண்டிக்கு வேண்டாம்.

‘ஹாலஜன் வெளிச்சம் போதவில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் சோதிக்காமல் விடுவது வோல்ட்டேஜ். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பல்பு ஹோல்டரின் பின்னில் மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, பல்புக்கு 12 மட்டும் வந்து சேரும் வண்டிகள் உண்டு. ஹாலஜனில் வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும்: 13.2-க்குப் பதில் 12 வந்தால் கிட்டத்தட்ட கால்பங்குக்கும் மேல் போய்விடும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பின் பாசிட்டிவ் பின் வரை ஒரு தடவை, பேட்டரி நெகட்டிவிலிருந்து எர்த் பின் வரை ஒரு தடவை, லைட் எரியும்போதே அளந்து பாருங்கள். எந்தப் பக்கமாவது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்க ஒயரிங்கில்தான் குறை. எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி முறுக்கினாலே பாதி சரியாகும். மீதிக்கு ரிலே கிட்: லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என இரண்டு ரிலே, 2.5 சதுர மி.மீ. ஒயர், ஒவ்வொன்றுக்கும் பேட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ், செராமிக் ஹோல்டர். சுவிட்ச் ஒயர் ரிலேவை இயக்க மட்டும். பல்புக்கான கரண்ட் நேராகப் பேட்டரியிலிருந்து. பல்பு பழைய 60/55 வாட்டாகவே இருக்கட்டும். 100/90 போட்டால் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் பழுப்பாகும்.

பைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல பைக்குகளில் இருப்பது ஹெச்4 அல்ல, ஹெச்எஸ்1, 35/35 வாட். பின் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், பல்பின் அடித்தட்டு வேறு. தட்டின் காதை ராவி ஹெச்4-ஐ நுழைப்பவர்கள் டூமைத்தான் (ஹெட்லைட் கூட்டை) காவு கொடுக்கிறார்கள். பழைய பைக்குகளில் ஹெட்லைட் பேட்டரியில் இல்லாமல் இன்ஜினில் கரண்ட் தயாரிக்கும் காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் எரியும், அதில் எல்.இ.டி. போட்டால் ஐடிலிங்கில் துடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், போர்டு மெலிசாக, லோ சிப்புக்கு அடியில் தகடு உள்ளதாக, 5,000 கெல்வினை ஒட்டிய நிறத்தில் பாருங்கள். 6,500-ன் நீலம் மழை நனைந்த தாரில் காணாமல் போகும். மாட்டும்போது சிப்புகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பார்த்தால் பீம் உடைந்துவிடும். பல்பைச் சுற்றிய வளையமான காலரில் உள்ள குட்டி ஆலன் ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம். பிறகு, டயரில் காற்று சரியாக வைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். விளிம்பே தெரியாமல் கலங்கலாக இருந்தால், எத்தனை ஸ்க்ரூ திருகினாலும் பயனில்லை, கழற்றிவிடுங்கள்.

ஜெர்மனியில் 2020-ல் ஹெச்7 என்ற இன்னொரு வகை எல்.இ.டி. பல்புக்கு அனுமதி கிடைத்தபோதும், சோதித்துப் பார்த்த வண்டி மாடல்களின் பட்டியலுக்கு மட்டும்தான் கிடைத்தது. பல்பும் ரிஃப்ளெக்டரும் ஜோடியாகத்தான் தேற வேண்டும். இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பின்பக்கமும் ஒரு வார்த்தை. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போடாதீர்கள், அதில் சிவப்பு குறைவு, பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்று ரோஸ் நிறமாக மங்கும். சிவப்பு எல்.இ.டி. வாங்குங்கள். மாட்டியதும் பட்டப்பகலில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து பிரேக்கை மிதியுங்கள். பார்க் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியவில்லை என்று அவர் சொன்னால், பழைய 21/5 வாட் பல்பையே திரும்ப மாட்டிவிடுங்கள்.