காற்றாடிமலைக்குப் போகும் வழியில்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயத்தின் தடத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் நட்டாலத்தில் தொடங்கிக் காற்றாடிமலையில் முடிப்பார்கள். பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியமும் அப்படித்தான் வேன் பிடித்தது. 1712இல் அவர் நீலகண்டனாகப் பிறந்த ஊர் நட்டாலம். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. வெயில் ஏறுமுன் புலியூர்க்குறிச்சி போய்விட வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார்.

புலியூர்க்குறிச்சியில் எல்லாரும் முட்டிடிச்சான் பாறைக்குத்தான் ஓடுவார்கள். கைதியாக இருந்த தேவசகாயம் தாகத்தில் தவித்து முழங்கையால் இடிக்க, தண்ணீர் சுரந்ததாகச் சொல்லப்படும் பாறை. நாங்களும் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டோம். எனக்கென்னவோ பக்கத்து உதயகிரிக் கோட்டையில்தான் மனம் நின்றது. டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. டச்சுக் கம்பெனிக்காகப் போரிட வந்து, 1741இல் குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். ஆடுமாடும் விளைச்சலும் போய் நொந்திருந்த நீலகண்டனுக்கு அவர் சொன்னது பைபிளில் வரும் யோபுவின் கதை. நீலகண்டன் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கதையில் நாம் முதலையும் முடிவையும்தான் சொல்வோம்: எல்லாம் போயிற்று, பொறுத்தார், இரண்டு மடங்காகக் கிடைத்தது. நடுவில்தான் விஷயமே இருக்கிறது. யோபு பொறுக்கவே இல்லை. பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளிடம் வழக்காடுகிறார். பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்ததும், ‘நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்’ என்றார்கள். கடைசியில் கடவுளின் கோபம், அவருக்காக வாதாடிய இவர்கள் மேல்தான். புலம்பிய யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினார் என்கிறார்.

கோட்டாறு பேராலயத்தில் புனிதரின் கல்லறை முன் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பினோம். வேனில் செபமாலை முடிந்ததும் ஓர் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: “எனக்குக் கொஞ்ச நாளா செபமே வரல்ல. வாய் சொல்லுது, உள்ளே ஒண்ணும் இல்ல. மகன் குடிக்கான். மாதாகிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.”

வேனுக்குள் ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஆரம்பித்தது. விசுவாசக் குறைவு என்றார் ஒருவர். நவநாள் செபம் விட்டுப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். முன் சீட்டில் இருந்த பெரியவர் குடும்ப சாபம் வரைக்கும் போய்விட்டார். அந்த அக்காவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

தேவசகாயத்தை எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அவர் ராஜதுரோகி. தண்டனை கண்ணெதிரே நடக்கும்போது குற்றத்தை யார் விசாரிக்கப் போகிறார்கள்? காற்றாடிமலையில் அவரைச் சுட்டது 1752 ஜனவரி 14. திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது 2022 மே 15. ரோமாபுரி 270 வருடம் எடுத்துக்கொண்டது. எங்களுக்குத் தோவாளை தாண்டுவதற்குள் தீர்ப்பு ரெடி.

இதற்கு ஒரு காரணம் நம் சாட்சி சொல்லும் பழக்கம் என்று நினைக்கிறேன். வேலை கிடைத்த பிறகு, நோய் தீர்ந்த பிறகுதான் மைக் கையில் வரும். இன்னும் தீராதவருக்கு நம் கூட்டங்களில் இடமே இல்லை. அதனால் எல்லாரும் ‘ஆண்டவர் கிருபையில் சுகம்’ என்று சொல்லப் பழகிவிட்டோம்.

மலை ஏறும்போது எங்கள் வேனிலேயே வயதில் மூத்த பாட்டி அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் ரெண்டு வருஷம் அப்படி இருந்துது மக்களே” என்றார். எப்படிச் சரியாயிற்று என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மேலே, தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைப் பிள்ளைகள் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கியதும், குடும்ப சாபம் சொன்ன பெரியவரே ஒரு தாளோடு வந்தார். ஞாயிறு பூசையில் மகன் பெயரை வாசித்துச் செபிக்கலாம் என்றார்.

“வேண்டாம் அண்ணே. பங்குக்கே தெரிஞ்சுபோவும். நீங்க வீட்டுல சொல்லுங்க, போதும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் நியாயந்தான்” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.