பட்டனை அவரே போடட்டும்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். 2022 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு, முதியவர்களைப் பராமரிக்கும் கேரர் வேலைக்கும் விசா கொடுக்க ஆரம்பித்தது. அந்த வருடக் கடைசியில் இங்கிலாந்தில் நார்விச் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வந்து சேர்ந்தேன். குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் வந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னைத் திணறடித்தது ஒரு ஆங்கிலச் சொல். எம்பவர்.

முதல் வாரப் பயிற்சியிலேயே அது வந்துவிட்டது. 2014-ஆம் ஆண்டின் கேர் சட்டத்துக்கான வழிகாட்டியில், பிறர் துணையை நம்பி வாழும் பெரியவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காக்க ஆறு கொள்கைகள் உண்டு. முதலாவது எம்பவர்மென்ட். பாதுகாப்பு என்ற சொல்லே நாலாவதாகத்தான் வருகிறது. எனக்கு அந்த வரிசையே புரியவில்லை. நோட்டில் 'அதிகாரமளித்தல்' என்று தமிழில் எழுதிக்கொண்டேன். நம் ஊர் அரசு அலுவலகப் பலகைகளில் பார்த்துப் பழகிய சொல். எழுதினேனே தவிர மனதில் ஒட்டவில்லை. நமக்கு அதிகாரம் என்றால் ஒருவர் மேல் இன்னொருவர் செலுத்துவது. "ரொம்ப அதிகாரம் பண்ணாதே" என்றுதானே வீட்டில் சொல்வோம்? எண்பத்தாறு வயது மனுஷிக்கு அதிகாரம் கொடுக்க நான் யார்?

அந்த எண்பத்தாறு வயதுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன், ஆனால் மனதுக்குள் பாட்டி என்றுதான் வரும். பக்கவாதம் வந்து இடது கை சரியாக வேலை செய்யாது. அப்படிப்பட்டவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இது எனக்குத் திருச்சியிலேயே தெரியும். முதல் நாள், முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டரான கார்டிகனை மாட்டி, ஐந்து பட்டனையும் மளமளவென்று போட்டு, தலையை வாரி, மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டேன். நல்ல வேலை செய்த நிறைவோடு திரும்பினால், கூட இருந்த சீனியர் கேரர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. "பட்டன் போட அவருக்குத் தெரியும். நாளைக்கு நேரம் கொடு" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பாட்டி வலது கையால் கீழ்ப் பட்டனைத் தேடிப் பிடித்தார். கட்டைவிரலால் ஓட்டைக்குள் தள்ளினார், நழுவியது. மறுபடி தள்ளி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த விளிம்பை ஆள்காட்டி விரலால் கொக்கி போட்டு இழுத்தார். ஒரு பட்டன். நடுவில் என் கை தானாக நீண்டது; அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இழுத்துக்கொண்டேன். ஐந்துக்கும் பதினோரு நிமிடம். முடிந்ததும் கண்ணாடியில் தன்னைப் பார்த்து காலரை நேராக்கினார். நான் போட்டுவிட்ட அன்று அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதும்போதுதான் கவனித்தேன்: 'உதவினேன்' என்று எழுதுவதும் 'நினைவூட்டினேன்', 'தானே செய்தார்' என்று எழுதுவதும் இங்கே வேறு வேறு. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அடுத்த மாதப் பராமரிப்புத் திட்டம் மாறும்.

அப்புறம் எம்பவர் என்ற அந்தச் சொல்லை விடாமல் துரத்தினேன். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வந்த சொல். அப்போது அதற்குச் சட்டப் பொருள்தான்: என் சார்பில் இதைச் செய் என்று ஒருவருக்கு முறைப்படி உரிமை தருவது. இந்தப் பொருள் இன்றும் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன் வீட்டு விஷயமாக அண்ணனுக்கு நானும் 'பவர்' எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஒருவர் தன்னால் வளர முடியும், தன் வாழ்க்கையைத் தானே நடத்த முடியும் என்ற தெம்பைச் சொல்வதற்கு இந்தச் சொல் பரவலானது ரொம்பப் பின்னால், 1970-களுக்குப் பிறகு, சமூகப் பணியாளர்களும் பெண்கள் இயக்கங்களும் எடுத்துப் பேசியபோது. முதல் பொருளில் கொடுப்பவர் கையில் இருப்பது வாங்குபவர் கைக்குப் போகிறது. இரண்டாவதில் எதுவும் கை மாறுவதில்லை, அவரிடம் ஏற்கெனவே இருப்பதற்கு நாம் வழிவிடுகிறோம். 'அதிகாரமளித்தல்' முதல் பொருளுக்குச் சரி. இரண்டாவதுக்கு அது பொருந்தவே இல்லை என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தோழியிடம் கேட்டேன். "நாங்கள் வலுவூட்டல் எண்டு சொல்லுவம் அக்கா" என்றாள். எனக்குப் பிடித்திருந்தது, அதிகாரத்தைவிட வலு எவ்வளவோ மேல். பவர் பத்திரத்துக்கு என்ன சொல்வீர்கள் என்றேன். "அற்றோணித் தத்துவம்." நம் ஊரில் தத்துவம் என்றால் வேதாந்தம் பேசுவது, அவர்களுடைய சட்டத் தமிழில் அது அதிகாரம்.

இரண்டு பொருளும் ஒரு நாள் ஒரு கப் டீயில் மோதிக்கொண்டன. பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு, டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்பார். மகள் போனில், "அம்மாவுக்குச் சர்க்கரை போடாதீர்கள், நான்தான் அட்டர்னி" என்றார். இங்கே அட்டர்னி என்றால் வக்கீல் இல்லை, பவர் எழுதி வாங்கியவர். எழுதிக் கொடுப்பவரை டோனர் என்கிறார்கள், ரத்த தானம் செய்பவரைச் சொல்லும் அதே சொல். சரி, மகளே சொல்லிவிட்டார் என்று சர்க்கரை இல்லாமல் கொண்டுபோனேன். பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார், அன்று முழுக்கப் பேசவில்லை.

சீனியர் எனக்கு 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தை விளக்கினார். உடல்நலத்துக்காக எழுதிய பவர், எழுதிக் கொடுத்தவர் தானே முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகுதான் செல்லும். பாட்டிக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை என்பதற்காக அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரையால் என்ன ஆகும் என்று பாட்டிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும், அதற்குப் பிறகு ஸ்பூன் அவர் கையில். அவர் ஒன்றரை ஸ்பூன் போட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கும் சர்க்கரைதான். கடைசி இரண்டு வருடம் டப்பாவை ஒளித்து வைத்தோம், சோற்றை அளந்து போட்டோம், டாக்டரிடம் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி நாங்கள் பேசினோம். அத்தனையும் பாசத்தில் செய்ததுதான். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. அதனால் அண்ணி அவரை அடுப்படிக்கே விடுவதில்லை. போன மாதம் போனில், "கத்தி வேண்டாம் அண்ணி, கீரையை மட்டும் கொடுத்துப் பாருங்களேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஒரு போட்டோ அனுப்பினார். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், மடியில் முறம், முறம் நிறைய உருவிய முருங்கைக்கீரை. இரண்டு மணி நேரம் ஆனதாம். யாரையும் தொட விடவில்லையாம்.