எண்ணிக்கை கடைசியில் வரட்டும்

"திருகோணமலையில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்" என்று தேடிப் பாருங்கள். கோணேசர் கோவில், கன்னியா, நிலாவெளி, புறாமலை என்ற தீவு, மார்பிள் பீச் என்று முதல் ஐந்தும் எல்லாரிடமும் ஒன்றுதான். அதோடு எழுதியவரின் சரக்குத் தீர்ந்திருக்கும். 10 வரவேண்டுமே என்பதற்காக உப்புவெளி, டச்சு பே, நகரக் கடற்கரை என்று மணலைத் துண்டு துண்டாக வெட்டி மூன்று இலக்கம் போட்டிருப்பார். மூன்றுக்கும் ஒரே வரி: "குடும்பத்துடன் சென்று மகிழ ஏற்ற இடம்." பட்டியல் கட்டுரை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். தலைப்பில் எண்ணை முதலில் எழுதிவிட்டு, அதை நிரப்பப் பிறகு ஆள் தேடுகிறோம்.

முதலில் முடிவாக வேண்டியது யாருக்கு, எதற்கு என்பது. "திருமலைக்கு வருகிறவர்களுக்கு" என்பது போதாது (திருகோணமலையைப் பேச்சில் திருமலை என்போம்). கொழும்பிலிருந்து இரவு ரயிலில் விடிய வந்து இறங்கி அன்றிரவே திரும்புகிறவருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து நிலாவெளியில் ஒரு கிழமை தங்குகிறவருக்கும், அம்மம்மாவை வான் வண்டியில் ஏற்றி யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற குடும்பத்துக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. மூன்றாமவருக்கு எழுதினால் மலைமேல் விகாரை உள்ள திரியாய் வெளியே போய்விடும், படி ஏறவேண்டும். புறாமலையும் சந்தேகம்தான், படகிலிருந்து தண்ணீருக்குள் கால் வைத்து இறங்க வேண்டிவரும். இப்படி ஒரு அளவுகோல் இருந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானாகவே தெளிந்துவிடும். "முதியவர்களோடு ஒரு நாள் திருமலை: அதிகம் நடக்கத் தேவையில்லாத 5 இடங்கள்." 5 என்பது கழித்தபின் மிஞ்சியது. 4 மிஞ்சினால் 4 என்றே போடுங்கள். 7 என்றால் வாசிப்பார்கள், 4 என்றால் வாசிக்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம்.

எழுதத் தொடங்குமுன் ஒரு அட்டவணை போடுங்கள். கொப்பியிலும் போடலாம், எக்செலிலும் போடலாம். தேவைப்படுவதைப்போல மூன்று மடங்கு பெயர்களை எழுதுங்கள். 5 வேண்டுமென்றால் 15. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே கேள்விகள்: பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்த வீதி, எந்த மாதம் சரிவரும், எந்த நேரம் பூட்டியிருக்கும், காசு எதெதற்கு, நிழலும் கழிவறையும் உண்டா, யார் போகக்கூடாது, இதைச் சரிபார்த்தது எப்போது. இரண்டு கட்டத்துக்கு மேல் வெறுமையாக இருக்கும் இடத்தைப் பற்றி எழுத உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை. விசாரித்து நிரப்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வெறுமையான கட்டத்தைத்தான் "இயற்கை எழில் கொஞ்சும்" என்ற சொற்றொடரால் மூடுவார்கள்.

"யார் போகக்கூடாது" என்ற கட்டத்தைப் பலர் போடுவதில்லை. உண்மையில் வாசிக்கிறவர் உங்களை நம்பத் தொடங்குவது அந்த வரியில்தான்.

இனி ஒரு பதிவை எப்படி எழுதுவது. கன்னியாவை எடுப்போம். வழக்கமாக வருவது இது: "கன்னியா வெந்நீர் ஊற்றுகள் திருகோணமலையின் மிகவும் பிரசித்தி பெற்ற இடமாகும். இங்கு ஏராளமான சுற்றுலாப் பயணிகள் வருகை தருகின்றனர்." இரண்டு வசனம் போய்விட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படிப் பாருங்கள்: "நகரிலிருந்து அனுராதபுர வீதியால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். சிறிய கட்டுக் கிணறுகள் 7. ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் மாறும். உள்ளே இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்றத்தான் முடியும். மாற்றுடுப்பும் துவாயும் கொண்டுபோங்கள். உச்சி வெயிலில் சுடுதண்ணீர் யாருக்கும் பிடிக்காது, காலையில் போங்கள். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் குத்தி உண்டாக்கிய கிணறுகள் என்பது ஐதீகம்." ஏறத்தாழ நாற்பது சொற்களில் எல்லாம் வந்துவிட்டது. ஐதீகத்தை ஐதீகம் என்று சொல்லிவிட்டால் அதையும் வைத்துக்கொள்ளலாம். முதலில் போகும் வழியும் செய்ய முடிவதும், நடுவில் எச்சரிக்கை, கடைசியில் கதை. கதையை முதலில் வைத்தால் கைபேசியில் வாசிக்கிறவர் வழி வருவதற்குள் விரலால் தள்ளிவிடுவார்.

ஒவ்வொரு பதிவும் 40 முதல் 90 சொல் இருந்தால் போதும். ஆனால் எல்லாம் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்றில்லை. புறாமலைக்கு 150 சொல் தேவை, ஏனென்றால் அங்கே தவறு நேரக்கூடிய இடங்கள் பல. 2003 இல் தேசிய பூங்காவானது. அனுமதிச் சீட்டு வேறு, படகுக் கூலி வேறு, கடலுக்கடியில் பார்க்கும் கண்ணாடி வாடகை வேறு. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் சீட்டு விலை ஒன்றல்ல. "கட்டணம் இவ்வளவு" என்று ஒற்றைத் தொகை எழுதினால், அதை நம்பி வந்தவர் கரையில் நின்று உங்களைத் திட்டுவார். பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) கால் வைத்தால் காலும் வெட்டும், கல்லும் சாகும். நகரக் கடற்கரைக்கோ இரண்டு வரி போதும்.

வரிசை அடுத்த சிக்கல். "சிறந்ததிலிருந்து" என்று தரவரிசை போட எந்த அளவுகோலும் இல்லாதபோது வீதிவாரியாக அடுக்குவதே நேர்மை. திருமலைக்கு இது இலகு. வடக்கே போனால் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று ஒரே கரையோர வீதி. மேற்கே அனுராதபுர வீதியில் கன்னியா. தெற்கே சீனக்குடாப் பக்கம் மார்பிள் பீச்சும் கிண்ணியாப் பாலமும். நகருக்குள் கோட்டையும் கோவிலும். இந்த நான்கையும் கலந்து, 1 நிலாவெளி, 2 கிண்ணியா, 3 குச்சவெளி என்று எழுதினால் அதன்படி போகிறவர் நாள் முழுக்க நகரத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருப்பார். வீதிக்குள் நேரத்தைச் சேருங்கள்: கடலுக்குப் போவதானால் காலையில், கோணேசருக்கு மாலையில். மதியத்தில் கோவில் நடையும் பூட்டியிருக்கலாம், செருப்பில்லாத காலுக்குக் கல்லும் சுடும்.

எல்லாப் பட்டியலுக்கும் இலக்கம் வேண்டியதில்லை. இடங்களுக்கு இலக்கம் வெறும் அலங்காரம். பிரதேச செயலகத்தில் வதிவிடச் சான்றிதழ் எடுப்பது எப்படி என்று எழுதினால் இலக்கம்தான் உயிர். ஜீ.எஸ்ஸிடம் (கிராம அலுவலரிடம்) கையெழுத்து வாங்காமல் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துக்குப் போய் நின்றால் திரும்பி வரவேண்டியதுதான். அங்கே ஒவ்வொரு படியும் கட்டளையாகத் தொடங்கட்டும்: எடுங்கள், நிரப்புங்கள், கொடுங்கள். ஒரு படியில் ஒரு வேலை. "படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, போட்டோ கொப்பி எடுத்து" என்று மூன்றை ஒரே இலக்கத்தில் திணித்தால் நடுவிலிருப்பதை வாசிக்கிறவர் தவறவிடுவார். கொப்பியை முதலே எடுத்துவைக்க வேண்டும் என்றால் அது 1 ஆம் படியில் வரவேண்டும், கடைசியில் "குறிப்பு" என்று வரக்கூடாது.

பெயர்களில் கவனம் வேண்டும். ஊர்ப் பெயரையே திருகோணமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுகிறார்கள், பேச்சில் திருமலை. புறாமலை, புறாத்தீவு, பீஜன் ஐலண்ட் மூன்றும் ஒரே இடம். கோணேசர் கோவிலைக் கோணேஸ்வரம் என்றும் தேடுவார்கள். தலைப்பில் ஒன்றை வைத்து, மற்றவற்றை அந்தப் பதிவின் முதல் வசனத்தில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். இரண்டு பெயரை இரண்டு இடம் என்று நினைத்து இரண்டு இலக்கம் போட்ட பட்டியல்களும் உலவுகின்றன.

பெருமைக்காக ஒட்டும் எண்களைக் கழற்றுங்கள். நமது துறைமுகம் ஒரு கட்டுரையில் உலகின் இரண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகம், இன்னொன்றில் ஐந்தாவது. ஆழத்தாலா, பரப்பாலா என்று எவரும் சொல்வதில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் தரவரிசையை விட்டுவிட்டு, நிலையான தகவலைப் போடுங்கள்: போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்தது 1620களில், சம்பந்தர் பதிகம் பாடிய இலங்கைத் தலங்கள் இரண்டில் இது ஒன்று, மற்றது கேதீஸ்வரம், கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், திறந்தது 2009. இவை அடுத்த ஆண்டும் மாறா.

மாறுவது வேறு: சீட்டு விலை, ரயில் நேரம், படகுக் கூலி, தொலைபேசி இலக்கம். இவற்றைப் பதிவுக்குப் பதிவு தூவினால் திருத்தும்போது இரண்டு தவறிவிடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டுரையின் அடியில் வைத்து, மேலே "சரிபார்த்தது" என்று மாதமும் ஆண்டும் போடுங்கள். படங்களிலும் இதே கணக்கு. சூரிய உதயம் எல்லாரிடமும் இருக்கிறது. திரும்பவேண்டிய சந்தி, சீட்டுக் கொடுக்கும் யன்னல், வாகனம் நிறுத்தும் இடம் ஆகியவற்றின் படம்தான் உதவும். கோட்டைக்குள் படையினர் இருக்கிறார்கள். முகாமும் காவலரணும் படத்தில் விழக்கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

வெளியிட்டபின் கடற்கரைப் பட்டியலை ஆண்டுக்கு இரண்டு தடவை திறக்கவேண்டும். ஐப்பசி பிறக்கையில், "வாடைக் காலம், கடல் கொந்தளிப்பு, புறாமலைப் படகு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்" என்ற வரியைத் தலைப்புக்குக் கீழே ஏற்றுங்கள். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கியதும் அதை எடுத்துவிட்டு, அடிப்பெட்டியிலுள்ள விலைகளைப் புதிதாகக் கேட்டு மாற்றுங்கள்.