கூடத்துச் சுவருக்கு டெக்ஸ்ச்சர்: தேர்வும் செலவுக் கணக்கும்

திருவான்மியூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் டெக்ஸ்ச்சர், அதாவது வரிகளும் மேடுபள்ளங்களும் தெரியும் அலங்காரப் பூச்சு, பூசுவதென்று முடிவு செய்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காயும் வரை பொறுத்திருந்து, தை மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். சுவர் 14 அடி நீளம், 10 அடி உயரம்; சன்னலுக்கு 20 சதுர அடி கழித்தால் 120 சதுர அடி.

என் மனம் முதலில் நாடியது செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைத்தான். பல படலங்களாகப் பூசித் தேய்த்து மெருகேற்றப்படும் அந்தச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி நாளடைவில் கல்லாக இறுகும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் எங்கள் வீட்டைப் போல எமல்ஷன் (நீரில் கரைக்கும் பெயிண்ட்) அடித்த சுவரில் அது சரியாகப் பிடிக்காது. பழைய வண்ணத்தையும், அதற்கடியில் சமன் செய்யப் பூசிய பட்டியையும் (putty) சிமென்ட் பூச்சு தெரியும் வரை சுரண்டியாக வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு கட்டுப்படியாகவில்லை.

எஞ்சியவை இரண்டு: ரோலரில் இழுக்கும் டெக்ஸ்ச்சர், எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை கூலியுடன் சதுர அடிக்கு 55 ரூபாய்; தகட்டால் மெல்லியதாக இழுக்கும் ஸ்டக்கோ, 140 ரூபாய். விலை கூடுதலாக இருந்தும் ஸ்டக்கோவைத் தேர்ந்தெடுத்தேன். ரோலர் டெக்ஸ்ச்சரின் ஆழமான வரிகளில் சாலைத் தூசி படிந்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது பெரும்பாடு. பிற்காலத்தில் வழவழப்பான சுவரே போதும் என்று தோன்றினாலும், அந்த மேடுபள்ளங்களைச் சமன் செய்யத் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

முடிவெடுக்கும் முன், 2 அடிப் பலகை ஒன்றில் மாதிரி பூசித் தரும்படி பெயிண்டரிடம் கேட்டு வாங்கி, அதைச் சுவரிலேயே சாய்த்து வைத்துப் பார்த்தோம். தகடு திரும்பிய இடங்களில் நகக்கீறல் அளவே இருந்த மேடுகள் பகல் வெளிச்சத்தில் புலப்படவே இல்லை. இரவில் கூரையோர விளக்கைப் போட்டதும் ஒவ்வொன்றும் நிழல் நீட்டி நின்றது. கடையில் காட்டும் அட்டையை மட்டும் நம்பி நிறமோ வடிவமோ தீர்மானிப்பது கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உண்மையில் செலவைத் தீர்மானிப்பது மேல்பூச்சைவிட அடித்தளம்தான். சுவரின் அடிப்பகுதியில் மாவு போல உப்பு பூத்திருந்ததால், ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி வைத்தோம்; மறுநாள் அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. வெளிச்சுவர் விரிசல் வழியே ஓதம் (ஈரக்கசிவு) இறங்கியிருக்கிறது. அதை அடைக்காமல் எதைப் பூசினாலும் பொறுக்குப் பொறுக்காக உதிரும் என்பதால், விரிசல் வேலைக்கு 4,000 ரூபாய், சுரண்டல், பட்டி, பிரைமர் (அடிப்பூச்சு) ஆகியவற்றுக்குச் சதுர அடிக்கு 30 வீதம் 3,600, ஸ்டக்கோவுக்கு 16,800 என மொத்தம் 24,400 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம்.

இப்போது விரிசல் அடைத்து, சுவர் காய்ந்து, இரண்டாம் கை பட்டியும் முடிந்து உப்புத்தாள் போட்டாகிவிட்டது. ஸ்டக்கோ டப்பாக்கள் அனைத்தையும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்குவதும், பின்னாளில் ஒட்டுப்போடத் தேவைப்படும் என்பதால் சிறிதளவு எடுத்து வைப்பதும் அடுத்த வேலைகள்.