போட் மிஷினுக்கு ஒரு பிரஷர் கேஜ் போடுங்கப்பா

அவுட்போர்டு, அதாவது போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற மிஷின், ஓட்டுற எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கு, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா பின்னாடி திரும்பி மிஷின் ஓரத்துல சின்னதா தண்ணி பீச்சுதான்னு பாக்குறது. பாம்பன் பக்கம் சின்னப் பசங்ககூட "அண்ணே, மிஷின் ஒண்ணுக்கு போகுதா பாருங்க"ன்னுதான் கேப்பாங்க. நல்ல பழக்கம்தான், ஆனா அது சொல்ற சேதி ரொம்பக் கம்மி. மிஷினக் குளுமையாக்குற தண்ணி மேல வருதுன்னு தெரியும், எவ்வளவு வேகத்துல வருதுன்னு தெரியாது. அந்த ஓட்டைல உப்பு அடைச்சாலும் பீச்சுறது நின்னுரும், உள்ள கூலிங் நல்லாவே ஓடிக்கிட்டு இருக்கும். ராத்திரி கடலுக்குப் போறவங்களுக்கு அதுவும் கண்ணுக்குத் தெரியப்போறதில்ல.

சூட்டு அலாரம் இருக்கேன்னு சொல்வீங்க. அது கத்துறதே மிஷின் சூடான பிறகுதான். தண்ணி கொறையிறது மொதல்ல நடக்குது, சூடு ஏறுறது அதுக்கப்புறம், இந்த ரெண்டுக்கும் நடுவுல கிடைக்குற நேரம்தான் நமக்கு வேணும், அதக் காட்டுறது அந்தத் தண்ணியோட அழுத்தத்தக் காட்டுற பிரஷர் கேஜ் ஒண்ணுதான்.

சாமான் ஒண்ணும் பெருசு இல்ல. கூலிங் தண்ணி ஓடுற பாதைல, பிளாக்குலயோ ஹெட்டுலயோ கம்பெனியே விட்டிருக்குற பிளக்கக் கழட்டிட்டு ஒரு சின்ன ஃபிட்டிங், அங்கேருந்து ஒரு மெல்லிசு நைலான் டியூப், அந்தப் பக்கம் 0-லேருந்து 30 பிஎஸ்ஐ (அழுத்தத்த அளக்குற அளவு) வரைக்கும் காட்டுற முள் கேஜ். கரண்டே வேண்டாம். கைல பிடிச்சு ஓட்டுற மிஷின்னா கேஜ வைக்க டேஷ்போர்டு இருக்காது, அதனால பின்பலகைக்கு உள்பக்கம் கண்ணு படுற இடத்துல முடுக்கிக்கலாம்.

எவ்வளவு காட்டணும்னு எல்லாரும் கேக்குறாங்க. ஸ்லோல விட்டா சில மிஷின்ல முள் எந்திரிக்கவே எந்திரிக்காது, ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ இருந்தா பெருசு. ஓட்டத்துல பத்துலேருந்து இருவது வரைக்கும் பொதுவா நிக்கும், ஆனா மிஷினுக்கு மிஷின் மாறும், அடுத்தவன் போட்ல பதினெட்டு காட்டுச்சுன்னு நீங்க மண்டையப் பிச்சுக்க வேணாம். புது இம்பெல்லர், அதான் பம்ப்புக்குள்ள சுத்தி தண்ணிய மேல தள்ளுற ரப்பர் றெக்கைச் சக்கரம், போட்ட கையோட, வழக்கமா போற வேகத்துல முள் எங்க நிக்குதுன்னு பாத்து கண்ணாடி மேல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுருங்க. அப்புறம் அதே வேகத்துல அந்தக் கோட்டவிட்டு முள் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாத்தாப் போதும்.

பாக் நீரிணைப் பக்கம் ஆழம் கம்மி, பாசியும் கடல்புல்லும் நெறைய, அதுக்கு மேல இந்த பாலித்தீன் கவர் வேற. தண்ணி இழுக்குற சல்லடைல கவர் ஒண்ணு போய் ஒட்டுச்சுன்னா முள் பொத்துன்னு விழும். உடனே திராட்டில கொறைச்சு ஆஃப் பண்ணிட்டு மிஷினத் தூக்கிப் பாத்தா கவரு தொங்கிட்டு இருக்கும், பிச்சுப் போட்டுட்டு கெளம்பிரலாம். மெதுவா மாசக்கணக்குல எறங்குனா அது வேற, இம்பெல்லர் தேயுது. முள் கெடந்து ஆடுச்சுன்னா பம்ப் காத்த உறிஞ்சுதுன்னு அர்த்தம், மிஷின ரொம்பத் தூக்கி வச்சு ஓட்டுனாலும், சட்டுனு வளைச்சாலும் அப்படித்தான் ஆடும்.

இங்கதான் நெறைய பேரு ஏமாறுறாங்க, முள் ஏறுனா நல்லதுன்னு. கேஜ் காட்டுறது அழுத்தத்தத்தான், ஓட்டத்த இல்ல. அந்த ஃபிட்டிங்க தாண்டி தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்க தண்ணி வழியத் தெறந்து மூடுற வால்வு) மூடின மேனிக்கே மாட்டிக்கிட்டாலோ, உப்புப் படிஞ்சு வழி சுருங்கிட்டாலோ தண்ணி போக எடமில்லாம முள் கோட்டுக்கு மேல ஏறும், மிஷினும் சூடாகும். ஹோஸ் வாய விரலால அடைக்குற மாதிரிதான்.

இன்னொண்ணு, இம்பெல்லரக் கழட்டுறப்ப றெக்கைய எண்ணிப் பாருங்க. ஒண்ணு கொறைஞ்சா அந்த ரப்பர் துண்டு மேல எங்கயோ வழில உக்காந்திருக்கு. சில மெக்கானிக்குங்க புதுச மாட்டி அனுப்பிருவாங்க, துண்டத் தேட மாட்டாங்க, பக்கத்துல நின்னு கேளுங்க. றெக்கை எல்லாம் சரியா இருந்தும் ஒரே பக்கமா வளைஞ்சு நேராக மாட்டேங்குதுன்னா அதுவும் மாத்துற கேஸ்தான்.

கரைக்கு வந்து ஹோஸ் மாட்டி நல்ல தண்ணில உள்ள கழுவி ஃப்ளஷ் பண்றப்ப மட்டும் கேஜ நம்பாதீங்க, அப்ப முள்ளத் தூக்குறதுல பாதி உங்க வீட்டு டேங்க் பிரஷரு.